அப்பா ஏன் பஸ் ஏறவில்லை

தஞ்சாவூர் மருத்துவமனையில் அப்பாவுக்குக் கொடுத்த தேதியில் மூன்று தவறிப்போனது. நாற்றங்கால் வேலை என்றார், நடவுக்கு ஆள் வருகிறது என்றார், மூன்றாம் தடவை முழங்கால் வலி. அடுத்து நானே கூட்டிப் போனபோது, “உங்களுக்கே அக்கறை இல்லன்னா நாங்க என்ன பண்றது?” என்று வரிசையில் அத்தனை பேர் முன்னால் நர்ஸ் கேட்டார். அப்பா நோட்டைப் பார்த்தபடி நின்றார். எனக்கும் அவர் மேல்தான் கோபம்.

அதற்கடுத்த தேதிக்கு வேட்டி சட்டையோடு மன்னார்குடி பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிட்டு, பஸ்ஸைப் பார்த்ததும் திரும்பி நடந்தார். விரட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

“வடுவூர் தாண்டுறதுக்குள்ள ரெண்டு தடவை மூத்திரம் முட்டுதும்மா. ஒரு நாள் வேட்டியே நனஞ்சு போச்சு.”

இதயம் பலவீனமாகி கால் வீங்குவதால் காலையில் நீர் மாத்திரை போடுகிறார். அது போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், பல மணி நேரம் விடாது. சுகர் ஏறியிருந்தால் அதுவே தனியாக மூத்திரத்தைக் கூட்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் எப்படி உட்காருவது? போதாததற்கு, வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சாப்பிடாமல் வருவார். ஆனால் பழக்கத்தில் சுகர் மாத்திரையை மட்டும் விழுங்கிவிடுவார். வரிசையில் சுகர் இறங்கி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். எந்த வியாதிக்காகப் போக வேண்டுமோ அதுவே அவரைப் போகவிடவில்லை. நாங்கள் அதற்கு வைத்த பெயர் பிடிவாதம்.

அப்பா வெட்கப்பட்டதால் டாக்டரிடம் நானே உடைத்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மருத்துவமனை நாளில் மட்டும் நீர் மாத்திரையை வீட்டுக்குத் திரும்பியதும் போடலாம், ஆனால் சாயங்காலம் ஆக்கிவிட வேண்டாம், ராத்திரித் தூக்கம் போய்விடும் என்றார். இது அப்பாவின் உடம்பைப் பார்த்துச் சொன்னது, எல்லாருக்கும் பொருந்தாது. சுகர் மாத்திரையைக் கையில் கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு போடச் சொன்னார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறே தேவையில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சுகர், பிரஷர் மாத்திரைகளை இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டிலேயே வாங்கிக்கொள்கிறோம். 2021-இல் தொடங்கிய திட்டம். எங்களுக்குத்தான் தாமதமாக உறைத்தது. இதயத்துக்கு மட்டும் தஞ்சாவூர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கட்டணக் கழிப்பறை, அப்புறம்தான் ஓபி சீட்டு.

போன தை மாதம் மறுபடி ஒரு தேதி தவறியது. அறுப்பு மெஷின் வந்துவிட்டது என்றார். நம்பாமல் போய்ப் பார்த்தேன். மெஷின் நிஜமாகவே வயலில் நின்றது.