அப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட அனுபவம்

அப்பாவின் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் ஐந்தாம் தலைமுறை ஐ3. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், இதில் இரண்டும் கிடையாது. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் 22.2 என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட முடிவு செய்தேன். பழைய மெஷினுக்கு லேசாக இருக்கும் என்று எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்தேன்.

டி டிரைவில்தான் அப்பாவின் உயிர் இருக்கிறது. ஊர்க் கோயில் கொடைக்கு வீடு வீடாகப் பிரித்த வரிக் கணக்கு, 11 வருடத்துக்கும் அதில்தான். "என் கணக்கெல்லாம் அப்படியே இருக்கும்லா?" என்று இரண்டு தடவை கேட்டார். எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து, நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பார்த்த பிறகுதான் வேலையில் இறங்கினேன்.

முதல் தடவை இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலின் (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) செக்சம், அதாவது ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எண், மின்ட் தளத்தில் இருந்ததோடு பொருந்தவில்லை. மறுபடி இறக்கிச் சரிபார்த்து, ரூஃபஸ் என்ற மென்பொருள் வழியாகப் பென்டிரைவில் எழுதினேன். இந்தச் சரிபார்ப்பை யாரும் தவிர்க்க வேண்டாம்.

அடுத்தது சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்குவது. அதில் 170 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், 20 ஜிபிதான் தருவேன் என்றது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி. பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது), ஹைபர்னேஷன் ஃபைல் (மெஷின் உறங்கும்போது ரேமில் உள்ளதைச் சேமிப்பது) போன்றவை டிஸ்க்கின் நடுவில் உட்கார்ந்திருந்தால், அவற்றைத் தாண்டிச் சுருக்க அந்தக் கருவியால் முடியாது. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்ததும் வழிவிட்டது. 102400 எம்பி என்று கொடுத்தேன், அதாவது 100 ஜிபி. ஹைபர்னேஷனை நிறுத்தினால், விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும். அது ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் டிரைவில் எழுதுவது ஆபத்து.

பென்டிரைவிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்தேன். சவுண்ட், டச்பேட் எல்லாம் சரி. வைஃபை மட்டும் வரவில்லை. போனை யூஎஸ்பியில் செருகி, அதன் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங் போட்டுச் சமாளித்தேன்.

அப்புறம் இன்ஸ்டாலரில், டிஸ்க்கின் எந்தப் பகுதியில் போடுவது என்று கேட்கும் பார்டிஷன் திரை. முழு டிஸ்க்கையும் அழிக்கும் தேர்வை விட்டுவிட்டு, இடத்தை நாமே தேர்ந்தெடுக்க விடும், கடைசியில் இருந்த 'சம்திங் எல்ஸ்' எடுத்தேன். இங்கே சி, டி என்ற பெயர்களே கிடையாது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று வரிசையாக நிற்கும். அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அதற்காகவே விண்டோஸில் பார்த்த அளவுகளைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். டி டிரைவ் 200 ஜிபி, காலியிடம் 100 ஜிபி. திரையில் காலியிடம் 107374 எம்பி என்றும், டி இருக்க வேண்டிய இடத்தில் 214748 எம்பி என்றும் இருந்தது. இரண்டுமே தாளோடு ஒத்துப்போகவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

போனில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, இந்த இன்ஸ்டாலர் 1000-ஆல் வகுக்கிறது. 102400-ஐ 1024-ஆல் இரண்டு முறை பெருக்கி, 1000-ஆல் இரண்டு முறை வகுத்தால் சரியாக 107374. டி டிரைவுக்கும் அதே கணக்கு பொருந்தியது. அதற்குப் பிறகுதான் காலியிடத்தைத் தேர்ந்து, லினக்ஸின் ஃபைல் அமைப்பான எக்ஸ்ட்4 கொடுத்து, மவுன்ட் பாயின்ட்டாக, அதாவது சிஸ்டம் உட்காரும் இடமாக, ரூட்டைக் குறித்தேன். மெஷினைத் தொடங்க உதவும் ஃபைல்கள் இருக்கிற, விண்டோஸின் 100 எம்பி இஎஃப்ஐ பார்டிஷனில் ஃபார்மேட் டிக் விழவில்லை என்பதை இன்னொரு முறை பார்த்துக்கொண்டு இன்ஸ்டால் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க் என்பதால் முக்கால் மணி நேரம் ஆனது.

ரீஸ்டார்ட் செய்ததும், எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவில் இரண்டு சிஸ்டமும் இருந்தன. டெதரிங்கிலேயே டிரைவர் மேனேஜரைத் திறந்து வைஃபை டிரைவரைப் போட்டேன். ஒரு சிக்கல் மறுநாள் வந்தது: விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யூடிசியாக (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸுக்கு டெர்மினலில் ஒரு வரி கொடுத்ததும் சரியானது.

அப்பாவுக்குப் பழகிய தமிழ்99 விசைப்பலகையை அமைத்துவிட்டு, கணக்கை மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபிஸில் திறந்து கொடுத்தேன். போன கொடையின் மொத்த வசூலை டைரியோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அந்த ஃபைலிலேயே கீழே போய் இந்த வருடத்துக்குப் புதுத் தலைப்பு அடிக்க ஆரம்பித்தார்.