ஃபிடலும் அம்மாவும்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 1

குமரி மாவட்டத்துக்கு இன்று விடுமுறை என்பதால் பெரிய டாக்டர் வரவில்லை. அம்மா கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பையிலிருந்து கியூபப் புரட்சித் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவின் வாழ்க்கைக் கதையை எடுத்தேன். பாரிஸிலிருந்து வந்த ஒரு பத்திரிகையாளர், 2003 முதல் 2005 வரை, 100 மணி நேரத்துக்கும் மேல் எதிரே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாங்கிய கதை இது. முதலிலிருந்து கடைசி வரை கேள்வியும் பதிலுமாகவே போகிறது. 1956-ல் இதே நாளில்தான் நாங்கள் திருவிதாங்கூர்–கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அதற்கு 24 நாள் கழித்து, மெக்சிகோவின் துஸ்பானிலிருந்து, கியூபாவில் புரட்சி செய்ய, ஃபிடல் உட்பட 82 பேருடன் 'கிரான்மா' படகு புறப்பட்டது. இவ்விரண்டும் ஒரே மாதத்தில் நடந்தவை என்பது இத்தனை வருடத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

நவம்பர் 3

என்ன படிக்கிறாய் என்று அம்மா கேட்டாள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பிரான் என்ற ஊர், ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்து நிலக்கிழாராகிவிட்ட அப்பா, கரும்பு வெட்ட வந்த ஹைட்டித் தொழிலாளர்கள், பள்ளிக்கூடம் போகாமல் தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்ட அம்மா லீனா. சிறு வயதிலேயே சாந்தியாகோ நகரில் ஓர் ஆசிரியையின் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அரைவயிற்றுச் சாப்பாடு. அது பசி என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லையாம், சாப்பாட்டின் மேலுள்ள ஆசை என்று எண்ணிக்கொண்டதாம்.

"பசி தெரியாம வளந்த பிள்ள," என்றாள் அம்மா. குற்றமாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னாள்.

நவம்பர் 4

ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 7

இரவு முழுவதும் மழை. மொன்காதா தாக்குதலைச் சொன்னேன். 1953 சூலை 26-ல், கியூபாவின் சர்வாதிகாரி பாடிஸ்டாவை எதிர்த்துப் படைமுகாமைத் தாக்கித் தோற்று, மலைப்பக்கம் ஓடி, களைப்பில் ஒரு குடிசைக்குள் தூங்கிவிட்ட ஃபிடலையும் தோழர்களையும் விடியற்காலையில் ராணுவம் பிடித்துவிடுகிறது. சிப்பாய்களின் கையெல்லாம் சுடத் துடிக்கிறது. பெத்ரோ சரியா என்ற கறுப்பின லெப்டினன்ட் அவர்களைத் தடுத்து, கருத்துகளைக் கொல்ல முடியாது என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தான் யார் என்பதை ஃபிடல் அவரிடம் மட்டும் சொன்னபோது, வேறு யாரிடமும் சொல்லாதே என்று எச்சரித்து, கொன்றுவிடக்கூடிய படைமுகாமுக்குக் கொண்டுபோகாமல் நகரத்துச் சிறைக்குக் கொண்டுபோகிறார். இந்த இடத்தை அம்மா இரண்டு முறை சொல்லச் சொன்னாள். 1959-ல் புரட்சி வென்ற பிறகு அந்த லெப்டினன்ட் கேப்டன் ஆனார் என்றதும் தலையை மட்டும் அசைத்தாள்.

நவம்பர் 9

காப்பீட்டு அட்டைக்குக் கைரேகை வைக்க அழைத்தார்கள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். வலது பெருவிரல், இடது பெருவிரல், பிறகு பத்து விரலும் வைத்தாகிவிட்டது. இயந்திரம் எதையும் ஏற்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு வையுங்கள் என்று அங்கிருந்த பையன் மூன்று முறை சொன்னான். துடைப்பதற்கு அந்த விரல்களில் அழுக்கு இல்லை. 31 வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், அண்டி தல்லித் தல்லி, அந்தக் கறை தின்று, விரல் நுனியெல்லாம் கூழாங்கல் போல வழவழப்பாகிவிட்டது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய பளபளப்பு ஒன்றுதான் இருக்கிறது. கடைசியில் கையெழுத்து போதும் என்றார்கள். அம்மா ஒவ்வோர் எழுத்தாக, நேரம் எடுத்து, தன் பெயரை முழுசாக எழுதினாள். 1990-களில் அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து அது.

ஆகவே இன்று 1961-ஐச் சொன்னேன். ஏறத்தாழ ஒரு லட்சம் இளைஞர்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், கையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கோடு கியூபாவின் மலைகளுக்குப் போய், பகலில் வயலில் வேலை செய்து இரவில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வகுப்பிலும் விளக்குதான், கரண்ட் பாதி நாள் இருக்காது என்றாள் அம்மா. பேட்டியில் ஃபிடல் பெருமையோடு பேசும் பல இடங்களில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் கூடவே பெருமைப்பட முடிவது இந்த ஓரிடத்தில்தான்.

நவம்பர் 12

பக்கத்துக் கட்டிலில் கடற்கரை ஊர்ச் சித்தி ஒருவர் இருக்கிறார். இரவானால் அவரும் கதை கேட்கிறார். கிரான்மா கரையை நெருங்கிய இரவைச் சொன்னேன். இது நான் முன்பே வேறிடத்தில் படித்தது. கலங்கரை விளக்கம் தெரிகிறதா என்று பார்க்க மேலே ஏறிய ரோக்கே என்பவர் கடலில் விழுந்துவிடுகிறார். டீசல் குறைவு, நேரமோ இரண்டு நாள் பிந்திவிட்டது. சாந்தியாகோவில் நவம்பர் 30-ல் எழுச்சி தொடங்கி அவர்களுக்காகக் காத்திருக்கிறது. அப்படியும் படகைத் திருப்பி, இருட்டில் சுற்றிச் சுற்றித் தேடினார்கள்.

"ஆளு கெடச்சாரா மக்களே?" என்று சித்தி எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

கிடைத்தார் என்றேன். சித்தியின் தம்பி 2017-ல் ஒக்கிப் புயலில் போனவர். அதுவும் நவம்பர் 30-தான். அதற்குப் பிறகு நான் ஒன்றும் படிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "அப்ப தேடியிருக்காவ," என்று இருட்டில் அவர் சொன்னது கேட்டது.

நவம்பர் 13

ஏழு துப்பாக்கி. கரையிறங்கிய மூன்றாம் நாள் அலெக்ரியா தெ பியோவில் படை சிதறிப்போக, ஃபிடல் இரண்டு பேரோடு கரும்புத் தோகைக்கு அடியில் நாட்கணக்கில் கிடந்தார். உயிரோடு பிடிபடக் கூடாது என்று துப்பாக்கிக் குழலைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். டிசம்பர் 18-ல் மலையடிவாரத்தில் தம்பி ராவுல் வந்து சேர்ந்தபோது இருவரிடமும் சேர்த்து ஏழே துப்பாக்கி. இனி போரில் வென்றுவிட்டோம் என்றாராம். அந்த ஏழு எனக்கு இன்று காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் எடை 38 கிலோ.

அம்மா கேட்டது வேறு: "மலையில அவங்களுக்கு சமைச்சது ஆரு?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 15

இன்று தனியாகப் படித்தேன். 2003 ஏப்ரல் 2-ல் ஹவானா விரிகுடாவில் பயணிகள் படகைக் கடத்தினார்கள். பயணிகளில் ஒருவரும் சாகவில்லை. ஏப்ரல் 11-ல் கடத்தியவர்களில் மூன்று பேரை அரசு சுட்டுக் கொன்றுவிட்டது. விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு, தண்டனை என எல்லாம் ஒன்பது நாளில் முடிந்துவிட்டது. பேட்டி எடுத்தவர் இதைக் கேட்டிருக்கிறார். கேட்டதற்காக அவரை மதிக்கிறேன். ஃபிடல் நீண்ட பதில் சொல்கிறார், கடத்தல்கள் தொடர்ந்திருந்தால் நாட்டுக்கு வந்திருக்கக்கூடிய ஆபத்தை விளக்குகிறார். அந்த ஆபத்து மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆனால் குடிசையில் பிடிபட்டவரைச் சுடாமல் விட்ட ஒரு லெப்டினன்டால் உயிரோடு எஞ்சியவர் அவர். அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. பதினேழு வயதிலிருந்து அவரை நேசிக்கிறேன், அப்படியும் ஏற்க முடியவில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

நவம்பர் 18

ரிப்போர்ட் வந்தது.

நவம்பர் 19

படிக்கவில்லை. பூதப்பாண்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவை நினைத்துக்கொண்டேன். 1907-ல் அந்த ஊரில் பிறந்து 1963 சனவரியில் காலமானவர். யாராவது ஒருவர் அவர் எதிரே 100 மணி நேரம் உட்கார்ந்து, விடாமல் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 22

அம்மாவிடம் ரிப்போர்ட்டைச் சொல்லிவிட்டேன். 26-ஆம் தேதி ஆபரேஷன். சரி என்றாள், கதையைச் சொல் என்றாள்.

2006 சூலையில் ஃபிடலுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அம்மாத 31-ஆம் தேதி பொறுப்புகளைத் தம்பியிடம் ஒப்படைத்தார். அந்தப் படுக்கையிலும் இந்தப் பேட்டியின் பதில்களைத் திருத்திக்கொண்டே இருந்தார், சேர்க்க வேண்டியதைச் சேர்த்தார். சொன்னதைப் பிறகு திருத்தினால் அது பேட்டியா என்று எனக்கு ஒரு குறை உண்டு. அதை அம்மாவிடம் சொன்னேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு திருத்தணும் மக்களே. அண்டி ஆபீசு சமரத்துல நான் கடைசி வர வெளிய நிண்ணேன்னு ஒனக்கு சொல்லியிருக்கேன்லா. நிக்கல. பதினேழாம் நாளு பின்வாசல் வழியா உள்ள போனேன். ஒனக்கு காய்ச்சல்."

அந்தப் போராட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். மேடையிலும் சொல்லியிருக்கிறேன். அம்மா உள்ளே போனதற்காக எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இத்தனை வருடம் அதை அவள் ஒருத்தியாகச் சுமந்ததுதான் தாங்க முடியவில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை. எப்படி நின்றாய் என்று கேட்டிருக்கிறேனே தவிர, நின்றாயா என்று கேட்டதேயில்லை.

வழவழப்பான அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தி விழித்திருந்தார், பேசவில்லை.

நவம்பர் 23

ரத்தம் இரண்டு யூனிட் வேண்டுமாம். ஒன்றுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

நவம்பர் 25

கிரான்மா புறப்பட்ட நாள். சரியாக 60 வருடம் கழித்து, 2016-ல் இதே நாளில் ஃபிடல் இறந்தார். அம்மாவிடம் இன்று இதைச் சொல்ல வேண்டாமென்று வைத்துக்கொண்டேன். மூன்று பேரைச் சுட்டதை மட்டும் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டாள். அந்த மூன்று பேருக்கும் அம்மா உண்டுமா என்றாள். புத்தகத்தில் இல்லை என்றேன். மலையில் சமைத்தது யார் என்று பார்த்தாயா என்றாள். அதையும் இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 26

காலை 7.10-க்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில், சியரா மாயெஸ்த்ரா மலைப் போர் தொடங்கும் பக்கத்திலிருந்து, சமையல் என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மணி 9.40.