இணைய முடக்க ஆணையை எப்படிப் படிப்பது

ஊரில் கலவரம், துப்பாக்கிச் சூடு, பெரிய போராட்டம் என்றால் அடுத்த சில மணி நேரத்தில் போனில் நெட் போய்விடுகிறது. 'மேலிடத்து உத்தரவு' என்ற பேச்சோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த மேலிடம் யார், எந்தத் தாளில் கையெழுத்திட்டார் என்று கேட்பவர்கள் குறைவு.

முதலில் என்ன நின்றிருக்கிறது என்று பாருங்கள். குரல் அழைப்பு போகிறது, ஆனால் எல்லா நிறுவனங்களின் மொபைல் டேட்டாவும் ஒரே நேரத்தில் செத்துவிட்டது என்றால் அநேகமாக அது முடக்க ஆணை. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் என்றால் டவர் கோளாறாக இருக்கலாம். சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் அது தளங்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவாக இருக்கலாம். அது வேறு விஷயம். அதன் 2009 விதிகளே ரகசியம் காக்கச் சொல்கின்றன.

முடக்கத்துக்கு 2017இல் தனி விதிகள் வந்தன. அதுவரை கலெக்டர்கள் 144 தடை உத்தரவைக் கொண்டே நெட்டை நிறுத்திவந்தார்கள். 2024 நவம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் விதிகள் மாற்றி எழுதப்பட்டாலும் எலும்புக்கூடு அதேதான். மாநிலத்தில் ஆணையிட வேண்டியவர் உள்துறைச் செயலாளர். தவிர்க்க முடியாத நிலையில் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற ஒருவர் இடலாம். 24 மணி நேரத்துக்குள் செயலாளர் உறுதிசெய்யாவிட்டால் ஆணை காலாவதி. எஸ்.பி. நிலை அதிகாரியின் வேலை அதை நிறுவனங்களிடம் சேர்ப்பதுதான். எனவே கலெக்டரோ எஸ்.பி.யோ தன் பெயரில் போட்ட ஆணை கையில் கிடைத்தால் அங்கேயே ஓட்டை இருக்கிறது.

அடுத்து காலமும் இடமும். ஒரு ஆணைக்கு உச்சவரம்பு 15 நாள். இடம்தான் பெரும்பாலும் அகலமாகிவிடும். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் சுட்டது தூத்துக்குடியில். மறுநாள் வந்த ஆணையோ திருநெல்வேலி, கன்னியாகுமரியையும் சேர்த்து மூன்று மாவட்டங்களுக்கு ஐந்து நாள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேள்வி கேட்ட பிறகே மற்ற இரு மாவட்டங்களுக்கும் நெட் திரும்பியது. வதந்தியைத் தடுக்கத்தான் என்பது வழக்கமான காரணம். வதந்தியை மறுக்கும் செய்தியும் அதே கம்பியில்தான் வர வேண்டும் என்பதை எந்த ஆணையும் கணக்கில் எடுப்பதில்லை.

காரணம் எழுதப்பட வேண்டும், ஆணை வெளியிடப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று சொன்னது. அது காஷ்மீர் முடக்கம் பற்றிய வழக்கு. தீர்ப்புக்குப் பிறகும் அங்கே முழுமையாக 4ஜி வர 2021 பிப்ரவரி ஆனது. கொரோனாவின் முதல் அலையில் பெரும்பாலான மாவட்டங்களில் மொபைல் நெட் 2ஜி வேகத்தில்தான் ஓடியது. தீர்ப்பு வாங்குவதும் சிக்னல் வாங்குவதும் ஒன்றல்ல.

ஆணையைச் சரிபார்க்க மறு ஆய்வுக் குழு ஒன்று உண்டு. மாநிலத்தில் தலைமைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், இன்னொரு துறைச் செயலாளர். நீதிபதியோ வெளியாளோ கிடையாது. அரசு போட்டதை அரசே பார்க்கிறது. முடக்கங்களின் பதிவேடு கூட மத்திய அரசிடம் இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் குறைப்பட்டது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதென்றால் மனுவை உள்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். எஸ்.பி. அலுவலகத்துக்குப் போட்டால் மாற்றி அனுப்புவதிலேயே நாள் போகும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஆணையின் நகலை ஒரு மனுவிலும், மறு ஆய்வுக் குழு கூடிய தேதியையும் முடிவையும் தனி மனுவிலும் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் 'நாட்டின் பாதுகாப்பு' என்று 8(1)(ஏ) பிரிவைக் காட்டி மொத்தத்தையும் மறுக்க வசதியாகிவிடும். வெளியிட்டே ஆக வேண்டிய ஆணைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

உயர் நீதிமன்றம் போனால் நெட்டைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். வழக்கு எடுக்கப்படுவதற்குள் நெட் வந்துவிடும், மனு பயனற்றதாகி முடித்துவைக்கப்படும். ஆணை சட்டவிரோதம் என்று அறிவிக்கவும் அதை வெளியிடவும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்குச் சான்று தேவை: நெட் போன நேரம், வந்த நேரம், எந்தெந்த நிறுவனம், எந்த ஊர், 'அரசு உத்தரவுப்படி சேவை நிறுத்தம்' என்று குறுஞ்செய்தி வந்திருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட். ஆணையில் உள்ள நேரத்துக்கு முன்பே நெட் போயிருந்தால் வாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.