முட்டியில் கை ஊன்றாமல் எழ முடிகிறதா?

முதுமை ஆராய்ச்சி என்றாலே மாத்திரைப் பேச்சாகிவிட்டது. ஆயுளைக் கூட்டுமாம் என்று ராபமைசின், மெட்ஃபார்மின், டாரின் என வாட்ஸாப்பில் வாரம் ஒரு பெயர் சுற்றுகிறது. அதே ஆராய்ச்சி உலகத்தில் முப்பது வருஷமாக அசையாமல் நிற்கிற ஒரு முடிவை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை: தொடையில் தசை இருக்கிறதா என்பதுதான் அறுபதுக்கு மேல் பல விஷயங்களைத் தீர்மானிக்கிறது. வேலூர்ப் பக்கத்தில் அறுபது தாண்டியவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய விஷயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரைகளை முடித்துவிடலாம். ராபமைசின் பெயர் ஏறியது 2009ல். 600 நாள் வயதான, அதாவது நம் கணக்கில் அறுபதை ஒட்டிய எலிகளுக்குக் கொடுத்தபோது, பத்தில் ஒன்பது எலிகள் இறந்துபோகிற வயது பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் தள்ளிப்போனது. பெரிய சேதிதான். ஆனால் இது சிரோலிமஸ் என்ற பெயரில், மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கிற மருந்து. 1971லேயே சிறுநீரக மாற்று செய்துகாட்டிய நம் வேலூர்க்காரர்களுக்கு, எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அது அடக்குகிற எம்டார் என்ற புரதம்தான், உடற்பயிற்சிக்குப் பிறகு தசையைக் கட்டச் சொல்லும் சமிக்ஞையையும் கடத்துகிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

டாரின் என்பது நம் உடம்பிலேயே உள்ள ஒரு அமினோ அமிலம். அதன் கதை இன்னும் சுருக்கம். அதைக் கொடுத்த எலிகள் 10 முதல் 12 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன, வயதாக ஆக ரத்தத்தில் டாரின் குறைகிறது என்று 2023ல் ஒரு கட்டுரை வந்தது. 2025ல் அதே சயின்ஸ் இதழில் வந்த இன்னொரு ஆய்வு, மனிதர், குரங்கு, எலி மூன்றிலும் பார்த்துவிட்டு, அப்படிச் சீராகக் குறைவதில்லை, பல இடங்களில் கூடுகிறது என்றது. டாரின் டப்பா விற்பனை மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை.

மெட்ஃபார்மின்தான் நம் ஊருக்கு நெருக்கமான சங்கதி, சுகருக்கான இந்த மாத்திரை பாதி வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. சுகர் இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 14 வாரம் எடைப் பயிற்சி கொடுத்து, ஒரு பாதிக்கு மெட்ஃபார்மினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019ல் முடிவு வந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது. இதைப் படித்துவிட்டு சுகர்காரர்கள் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கட்டுப்பாடில்லாத சுகர் தசையை இதைவிட வேகமாகத் தின்னும். சுகர் இல்லாதவர்கள் ஆயுள் கூடும் என்று கடையில் வாங்கிச் சாப்பிடுவதைத்தான் நிறுத்த வேண்டும். பல வருஷமாக மெட்ஃபார்மினில் இருப்பவர்கள் பி12 அளவை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அது குறைந்தால் கால் மரத்து நடை தள்ளாடும், பழியெல்லாம் வயது மேல் போய்விடும்.

உடம்பின் உண்மையான வயதைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை என்று விற்கிறார்களே, அதற்கும் ஒரு வரி. ஒரே ரத்த மாதிரியை இரண்டு தடவை ஓட்டினாலே, பெயர் பெற்ற சில கணிப்பு முறைகளில் 3 முதல் 9 வருஷம் வரை வித்தியாசம் வருகிறது என்று 2022லேயே காட்டிவிட்டார்கள். அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

இனி தசை. 17 நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து பின்தொடர்ந்த ஆய்வு 2015ல் வெளியானது. பிடி 5 கிலோ குறையக் குறைய, இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது. பிரஷர் எண்ணைவிட இது நன்றாக முன்னறிவித்தது. கையை மட்டும் அமுக்கிப் பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. கைப்பிடி என்பது உடம்பு முழுக்க உள்ள தசைக்கு ஒரு ஜன்னல், அவ்வளவே.

வேலூருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை அளந்து எழுதிவைத்தார்கள். அவர்களில் 2,218 பேரை 26 முதல் 32 வயதில் மறுபடி தேடிப் பிடித்து சர்க்கரை பார்த்தார்கள். சிசுவாக இருக்கும்போது ஒல்லியாக இருந்து, பிறகு வளரும் வயதில் சட்டென எடை போட்டவர்களிடம்தான் சர்க்கரைக் கோளாறு அதிகம் இருந்தது. அந்தத் தலைமுறை இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். தசை என்ற களஞ்சியம் சின்னதாகத் தொடங்கியவர்கள், அதை ஐம்பதுக்கு மேல் இன்னும் சுருங்க விடக் கூடாது.

வீட்டில் பார்க்கும் விதம். ஆசிய நாடுகளுக்கென்று 2019ல் வகுத்த அளவுகளை எடுத்துக்கொள்ளலாம். கைப்பிடி ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் குறைவு. ஆனால் அதற்குக் கருவி வேண்டும், பிசியோதெரபி பிரிவுகளில் இருக்கும். ஈரத்துணி பிழிவதைப் பார்த்து மதிப்பிடுவதெல்லாம் சரிவராது. கருவி இல்லாமல் செய்யக்கூடியது நாற்காலிச் சோதனை. மார்பில் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து தடவை முழுசாக எழுந்து உட்கார வேண்டும். ஐந்தாவது தடவை நிமிர்ந்து நிற்கும்போது கடிகாரத்தை நிறுத்துங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், தொடை வலு குறைந்திருக்கிறது.

இதில் நடக்கும் தவறெல்லாம் நாற்காலியில்தான். கல்யாண வீட்டு வெள்ளை பிளாஸ்டிக் சேர் வேண்டவே வேண்டாம். அதன் கால்கள் வெளிப்பக்கம் விரியும், டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும், கைப்பிடி இருப்பதால் முழங்கை தானாக அதில் போய் ஊன்றிக்கொள்ளும். கைப்பிடி இல்லாத மர நாற்காலியோ சாப்பாட்டு மேஜை நாற்காலியோ எடுத்து, அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் உயரம் 43 முதல் 45 செ.மீ. இருக்கட்டும். உயரம் கூடினால் எண் பொய்யாக நன்றாக வரும். ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். புடவையின் முன் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், மிதித்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இரண்டாவது, கெண்டைக்கால் சுற்றளவு. தையல் டேப்பை எடுத்து, மிகப் பருத்த இடத்தில் இறுக்காமல் சுற்றுங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. இவற்றுக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். ஒரு சிக்கல்: அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காலில் நீர் கோத்து வீங்கும். அப்போது டேப் நல்ல எண்ணைக் காட்டும், உள்ளே தசை இருக்காது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்த்துவிட்டு அளங்கள். காலையில் எழுந்த உடனே அளந்தால் வீக்கம் குறைவாக இருக்கும்.

மூன்றாவது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை, முட்டி எதையும் ஊன்றாமல் எழுவது. பிரேசிலில் 51 முதல் 80 வயதுக்குள் 2,002 பேரிடம் இதைச் செய்து 2012ல் வெளியிட்டார்கள். உட்கார 5, எழ 5, மொத்தம் 10 மதிப்பெண். ஊன்றும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒன்று போகும், தள்ளாடினால் அரை போகும். 3 வரை மட்டும் எடுத்தவர்களின் இறப்பு, 8ம் அதற்கு மேலும் எடுத்தவர்களைவிடப் பல மடங்கு. பந்தியில் இலை போட்டுத் தரையில் சாப்பிட்ட தலைமுறைக்கு இது தினசரி வேலையாக இருந்தது. டைனிங் டேபிள் வந்தபின் யாரும் நம்மை இதற்குப் பரீட்சை வைப்பதில்லை. முட்டி தேய்மானம் உள்ளவர்கள் இந்தச் சோதனையை விட்டுவிடலாம், நாற்காலிச் சோதனையே போதும்.

பயிற்சிக்கு வருவோம். 1990ல் அமெரிக்காவில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடினமான கால் பயிற்சி கொடுத்தார்கள். வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994ல் முதியோர் இல்லத்தில் 100 பேரிடம் செய்தபோது, பயிற்சி செய்தவர்கள் வலுவடைந்தார்கள். பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பா மாவு பாலில் கலக்கித் தருகிற பிள்ளைகள் இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கவும்.

கோட்டைப் பக்கம் விடியற்காலையில் நடப்பவர்கள் நிறைய. நல்லதுதான். 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 கணக்குப்படி, அறுபது தாண்டியவர்களுக்கு ஒரு நாளில் 6,000 முதல் 8,000 அடி வரைதான் பலன் ஏறுகிறது, அதற்கு மேல் சமமாகிவிடுகிறது. பத்தாயிரம் என்று அடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சமதரை நடை இதயத்துக்குப் போதும், தொடைக்குப் போதாது. தொடைக்குப் பளு வேண்டும்.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். அதே நாற்காலி. எழுந்து உட்காருவது 8 முதல் 10 தடவை, இரண்டு நிமிஷ ஓய்வு, இப்படி மூன்று சுற்று. எழுவதைவிட உட்காருவதில்தான் வேலை இருக்கிறது: மனசுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு, முதுகெலும்புக்கு அடியும் விழும். மூச்சைப் பிடித்தால் பிரஷர் எகிறும். எழும்போது எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னால் மூச்சு அடைபடாது. முட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்தால், இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு தலையணை விழாமல் நிற்கிற அளவுக்கு விலக்கிக்கொள்ளுங்கள். முட்டி வலித்தால் நிறுத்த வேண்டியதில்லை, இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வலி மறுநாளும் தங்கினால் உயரம் போதவில்லை என்று அர்த்தம்.

பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவை, இரண்டு சுற்று. கடைசியாக இரண்டு கையிலும் வாளி. 15 லிட்டர் வாளியில் பாதித் தண்ணீர் என்றால் ஏழரை கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை இரண்டு நடை. 20 லிட்டர் கேனை மட்டும் வீரம் காட்டித் தூக்காதீர்கள். ஒரே பக்கம் இருபது கிலோவுக்கு மேல் இழுக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். மூன்று மாதமாக அதே பத்து, அதே நாற்காலி. கடைசி இரண்டு தடவை கஷ்டப்படாமல் வந்தால் அது பயிற்சி இல்லை. அப்போது பேரப்பிள்ளையின் பழைய ஸ்கூல் பையை முன்பக்கமாக மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போடுங்கள். இரண்டு கிலோ. சுலபமானதும் இன்னொன்று.

கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடும். பிரஷர் மாத்திரையால் எழும்போது கண் இருட்டுகிறவர்கள், ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று இரண்டு விநாடி நிதானிக்க வேண்டும். கண்புரை, ஹெர்னியா ஆபரேஷன் ஆனவர்கள் செய்த டாக்டர் சொல்லும்வரை காத்திருக்கவும். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வேலூர் வெயில் யாருக்கும் சலுகை தராது.

சாப்பாட்டில் குறைவது புரதம். வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது 2013லிருந்து வல்லுநர்கள் சொல்வது. 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். நாலு இட்லி சாம்பார், மதியம் சோறு பருப்பு தயிர், இரண்டு டீ, ராத்திரி மூணு தோசை: கூட்டினால் 45லிருந்து 50க்குள் நிற்கும். கேழ்வரகு களி தெம்பு என்பார்கள். சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது, புரதம் நூறு கிராம் மாவில் 7 கிராம்தான். தெம்பு களியோடு போகிற காராமணிக் குழம்பிலோ கொள்ளிலோ இருக்கிறது. கருவாடு என்றால் உப்பைக் கழுவிவிடுங்கள். இரண்டு முட்டை 12 கிராம், ஒரு கைப்பிடி மல்லாட்டை (வேர்க்கடலை) 7 கிராம், சோயா உருண்டை காய்ந்த நிலையில் 25 கிராம் எடுத்தால் 13 கிராம். இதையும் ஒரே வேளையில் கொட்டாமல், காலையிலும் ராத்திரியிலும் சேர்த்தால் தசைக்குச் சேரும். நம் ஆட்கள் மதியம் மட்டும் பருப்பு சாப்பிட்டுவிட்டுக் காலையில் வெறும் இட்லி சட்னியோடு விடுகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ஏறியவர்கள் மட்டும் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இன்று வந்த விநாடிக் கணக்கைத் தேதியோடு தினக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள், நாற்காலி எது என்பதையும் சேர்த்து. 12 வாரம் கழித்து, அதே நாற்காலி, அதே காலை நேரம். ஒரு விநாடி முன்னே பின்னே இருப்பது வெறும் அளவுப் பிசகு. இரண்டு மூன்று விநாடி குறைந்தால் தசை வந்திருக்கிறது. குறையவே இல்லை என்றால் முதலில் அந்த ஸ்கூல் பையில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.