பின் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும்: ஷூ முதலில், கேபிள் கடைசியில்

ஹேண்ட் பிரேக் லீவர் பத்துப் பன்னிரண்டு பல் ஏறிய பிறகுதான் பிடிக்கிறது. சரிவில் நிறுத்தினால் வண்டி விரற்கடை அளவு பின்னால் நகர்ந்துவிட்டுத்தான் நிற்கும். போன சர்வீஸில் கேபிளை இறுக்கித் தந்தார்கள். சில வாரம் சரியாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

இன்னொரு அறிகுறியும் இருந்தது. பிரேக் பெடல் முதல் மிதியில் ஆழமாக இறங்கும். உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே நிற்கும். பிரேக் ஆயில் குறையவில்லை, கசிவும் இல்லை. அப்படியென்றால் பின் டிரம்முக்கும் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்) ஷூவுக்கும் (அதன் உள்பக்கத்தில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த பட்டை) இடைவெளி கூடியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கால் பிரேக் ஆயில் அழுத்தத்தால் தள்ளுவதும், ஹேண்ட் பிரேக் கம்பியால் இழுப்பதும் அதே ஷூவைத்தான். ஷூ தேய்ந்து தள்ளி நிற்கும்போது கேபிளை மட்டும் இறுக்கினால், உள்ளே இருக்கும் லீவர் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். இந்த இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டரும் அதன்பின் ஒழுங்காக வேலை செய்யாது.

வண்டி முன் சக்கர ஓட்டம் உள்ள பழைய ஹேட்ச்பேக். முதல் கியரில் போட்டால் முன் சக்கரம் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் கையால் சுற்ற வரும். அதை மட்டும் நம்பாமல் முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் மரக்கட்டை கொடுத்தேன். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் கை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

முதலில் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, லீவரின் அடியில் உள்ள கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்தினேன். இடது டிரம் சுலபமாக வந்தது. வலது டிரம் அசையவே இல்லை. டிரம் முகத்தில் இரண்டு மரை ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றில் 8 எம்எம் போல்ட்டுகளைப் போட்டு, மாற்றி மாற்றி அரைச் சுற்றாகத் திருப்பினால் டிரம் தானே தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுத்தியலால் விளிம்பில் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உள்ளே ஒரே கருந்தூசி. பழைய லைனிங்குகளில் (ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) கல்நார் இருக்கலாம், அதன் தூசி மூச்சில் போனால் ஆபத்து என்பதால் காற்றடித்து ஊதவே கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடைத்தேன். டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களில் முன் பக்க ஷூ பின் பக்க ஷூவைவிட அதிகம் தேய்ந்திருந்தது. சக்கரம் சுற்றும் வேகமே அதை டிரம்முக்குள் இழுத்து அழுத்துவதால் அதற்குத்தான் வேலை அதிகம். இரண்டிலும் லைனிங் இன்னும் போதுமான கனம் இருந்தது. ஆயில் அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பார்த்தேன், ஈரம் இல்லை.

குற்றவாளி வலது பக்க அட்ஜஸ்டர். அதைத் திருப்பும் சிறு பற்சக்கரமான நட்சத்திரச் சக்கரத்தின் மரை துருவும் தூசியும் ஏறி இறுகிப்போய், கையால் திருப்ப அசையவில்லை. மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது, டீசலில்தான் ஊறப்போட்டேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சுத்தமாகத் துடைத்து, மரையில் மட்டும் துளி கிரீஸ். இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர் திசையில் ஓடும். கலந்துவிடாமல் இருக்க ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறந்தேன். லைனிங்கின் பளபளப்பை உப்புத்தாளால் லேசாக எடுத்தேன்.

டிரம்மை மாட்டி, பின் தகட்டின் ரப்பர் அடைப்பை எடுத்து, திருப்புளியால் நட்சத்திரச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ள வேண்டும். வண்டிச் சக்கரம் இறுகும் வரை தள்ளிவிட்டு அண்ணன் மகனை சீட்டில் உட்கார வைத்தேன். டிரம் கழன்றிருக்கும்போது பெடலை மிதித்தால் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்; அதனால் அதுவரை அவனை வண்டிப் பக்கமே விடவில்லை.

“சித்தப்பா, மிதிக்கவா?”

“மெதுவா நாலஞ்சு தடவை மிதி.”

மிதித்ததும் ஷூக்கள் நடுவாக வந்து உட்கார்ந்தன, சக்கரம் கொஞ்சம் இளகியது. மறுபடி இறுக்கி, மறுபடி மிதித்து, கடைசியில் நட்சத்திரச் சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பித் தளர்த்தினேன். தளர்த்தும்போது பல்லைத் தடுக்கும் கொக்கியை இன்னொரு மெல்லிய திருப்புளியால் தள்ளிப் பிடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மூன்றாவது கை தேவைப்படுகிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ‘சர்’ரென்று லேசான உரசல் மட்டும் கேட்க வேண்டும். சுற்று பாதியில் நின்றால் இன்னும் தளர்த்த வேண்டும்.

கேபிள் வேலை இதற்கப்புறம் பத்து நிமிடம்தான். பெடல் இப்போது உயரத்திலேயே நிற்கிறது. லீவர் ஆறாவது பல்லில் இரண்டு பின் சக்கரங்களும் கையால் அசைக்க முடியாதபடி பிடிக்கும் வரை நட்டை இறுக்கினேன். லீவரை முழுக்க இறக்கினால் இரண்டும் தடையின்றிச் சுற்றின.

மேம்பாலச் சரிவில் நிறுத்திப் பார்த்ததில் வண்டி அசையவில்லை. ஊரைச் சுற்றிவிட்டு வந்து இரண்டு டிரம்மிலும் தண்ணீர் தெளித்தேன். வலதில் ஒன்றுமில்லை, இடதில் ஆவி கிளம்பியது; ஷூ விடாமல் உரசிச் சூடாகியிருக்கிறது. மறுபடி தூக்கிப் பார்த்தால், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு எடுத்த பிறகு இடது கேபிள் முழுசாகத் திரும்பவில்லை. அடியில் வளையும் இடத்தில் உறை கிழிந்து உள்ளே துரு ஏறியிருக்கிறது. எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று நண்பர் சொன்னார்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய கேபிளை மாதிரிக்குக் காட்டி உதிரிபாகக் கடையில் புதுசு சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும் வரை ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத்தான் நிறுத்துகிறேன்.