டங்கன் போன விதம்

2016 ஏப்ரலில் அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரையன்ட் விடைபெற்ற ஆட்டம் ஒரு திருவிழா. ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) போக 50 தடவை கூடைக்கு எறிந்து, மொத்தம் 60 புள்ளி. (வேறு யாராவது 50 தடவை எறிந்திருந்தால் பயிற்சியாளர் உட்கார வைத்திருப்பார்!)

அதே ஆண்டு ஜூலையில் டிம் டங்கனும் ஓய்வு பெற்றார். அணி ஓர் அறிக்கை விட்டது, அவ்வளவுதான். 19 சீசன், எல்லாமே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக, 5 கோப்பைகள். எனக்குப் பிடித்தவர் இவர்தான். பலகையில் பட்டு அலட்டாமல் விழும் அந்த பேங்க் ஷாட்!

சிறுவயதில் அவர் நீச்சல் வீரர். 1989இல் ஹ்யூகோ புயல் அவர் வளர்ந்த கரீபியன் தீவான செயின்ட் குரோயியின் நீச்சல் குளத்தை நாசமாக்கியது. அப்புறம்தான் கூடைப்பந்து.