வெயில் வந்தால்தான் திறக்கும்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வாசலில் குட்டி டியூலிப் பூத்துவிட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. டார்டா என்ற காட்டு வகை. மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைதான் இதற்குச் சொந்த ஊர்.

காலை 7 மணிக்குப் பார்த்தால் வெளிப்புறம் பச்சை ஓடிய மூடிய மொட்டுகள். வெயில் ஏறியதும் ஆறு இதழும் நட்சத்திரமாக விரிந்துவிடும். நடுவில் நல்ல மஞ்சள், நுனியில் வெள்ளை. ஒரே தண்டில் நாலைந்து பூ. மேகம் மூடினால் உடனே கூம்பத் தொடங்கிவிடும்.

முன்பு பெரிய டியூலிப்தான் வைத்தேன். முதல் வருடம் கிண்ணம் கிண்ணமாகப் பூத்தது, மூன்றாம் வருடம் வெறும் இலைதான். பெரும்பாலான கலப்பு வகைகள் அப்படித்தான் தேய்ந்து போகும். காட்டு வகைக்கு இடம் பிடித்துவிட்டால் தானாகவே பெருகும்.

ஆனால் அதையும் நான் கொல்லப் பார்த்தேன். 2020 அக்டோபரில் 20 கிழங்கு நட்டேன், ஒவ்வொன்றும் சின்ன வெங்காயம் அளவு. அடுத்த மே மாதம் பூத்து, இலையும் காய்ந்து, வெறும் மண் தெரிந்தது. தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு அதற்கும் தினமும் ஊற்றினேன். காய்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. இலையுதிர் காலத்தில் தோண்டினால் 14 கிழங்கு விரல் பட்டதும் கூழாகிவிட்டன.

அந்த மலையில் குளிர்காலம் முழுக்கப் பனி, வசந்தத்தில் உருகும் நீர், அப்புறம் காய்ந்த கோடை. கிழங்கு கோடை ஓய்வில்தான் அடுத்த வருடப் பூவை உள்ளே உருவாக்குகிறது. நான் ஊற்றியது அதற்கு வேண்டாத தண்ணீர்.

மிஞ்சிய 6 கிழங்கையும் தெற்கு வெயில் படும் சுவரோரம் மாற்றினேன். எங்கள் களிமண்ணில் பாதிக்குப் பாதி சரளை கலந்து, 5 அங்குல ஆழத்தில் வைத்தேன். மேலே கோழி வலை. இங்குள்ள கறுப்பு அணில்களுக்கு டியூலிப் கிழங்கு என்றால் உயிர். பூ முடிந்தாலும் இலையை வெட்டுவதில்லை, மஞ்சளாகித் தானே காயட்டும் என்று விட்டுவிடுவேன். ஜூன் பிறந்தால் அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோவதே இல்லை.

இன்று எண்ணினேன், 19 தண்டு. சரளைக்கு நடுவே புல் மாதிரி ஒற்றை இலையாகச் சில நிற்கின்றன. விதை விழுந்து முளைத்தவை. பூக்க இன்னும் நாலைந்து வருடம் ஆகும். களை என்று யாரும் பிடுங்கிவிடாமல் சுற்றி நாலு குச்சி நட்டு வைத்திருக்கிறேன்.